மின்ஃபோர்டில் இறங்கி ஒரு மைல்

பதினான்கு மாதமாய் என் கடவுச்சீட்டு
உள்துறை அலுவலகத்தின் ஏதோ ஓர் இழுப்பறையில்.
அதற்குள் ஜெனோவாவில் அண்ணனுக்கு மகள் பிறந்து
நடக்கவும் தொடங்கிவிட்டாள்.

கடல் தாண்டினால்தானே பிழை,
தாண்டாத இத்தாலி ஒன்று இருக்கிறது என்று
நிரோஜன்தான் டிக்கெட் போட்டான்.
லிவர்பூலில் இருந்து மூன்று ரயில்.
மூன்றாவதில் ஹீட்டர் இல்லை.

வேல்ஸின் கழிமுகத்தில்
யாரோ ஒருவர் ஆசைப்பட்டுக் கட்டிய கிராமம்.
மாம்பழ மஞ்சளில் ஒரு வீடு,
அதன் தோளில் இடித்தபடி இளஞ்சிவப்பில் இன்னொன்று,
மேலே மணிக்கூண்டு.
மழை மட்டும் வேஷம் போடவில்லை.
அது அசல் வேல்ஸ், பக்கவாட்டில் பெய்தது.

மாடியில் ஒரு ஜன்னல் பாதி திறந்திருந்தது.
யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்று
குடைக்குள் நின்றேன், வெகுநேரம்.
"அது கீறினது" என்றான் நிரோஜன்.
சுவரில் பெயிண்டால் ஜன்னல்,
ஜன்னலில் பெயிண்டால் இருட்டு.

துறையில் கப்பல் நின்றது.
கிட்டப் போனால், கல்.
பாய்மரம் இருக்கிறது, அடியில் மண்.
எதிரே நீர் வடிந்து
கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மணல்.
அதை நான் படம் எடுக்கவில்லை.

அண்ணனை அழைத்தேன்.
உணவகத்தின் பின்வாசலில் நின்றான்,
முழங்கைவரை சவர்க்கார நுரை.
"எங்கையடி நிக்கிறாய்?"
"இத்தாலியில."
போனைச் சுற்றிக் காட்டினேன்.
தூண், குவிமாடம், நனைந்த ஹைட்ரேஞ்சியா.
"பொய் சொல்லாத.
இஞ்ச ஒரு சுவரும் உப்பிடித் துப்புரவில்லை.
கொடியில ஒரு உடுப்பாவது காயுதோ, பார்."

பார்த்தேன்.
வளைவுக்குப் பின்னால், படிக்கட்டுச் சந்தில்,
ஐஸ்கிரீம் கடையின் கொல்லையில்கூட.
ஒரு துண்டு, ஒரு உள்பாவாடை,
ஒரு குழந்தையின் சட்டை
ஊர் முழுக்க இல்லை.

கழுத்துச் சால்வையைப் பிழிந்தேன்.
நிரோஜனின் காலுறைகளைக் கழற்றச் சொன்னேன்.
"பைத்தியமா?" என்றபடி
கல் கப்பலில் கைவைத்து, ஒற்றைக்காலில் நின்று கழற்றினான்.
கயிற்றில் மூன்றையும் வரிசையாய்ப் போட்டு,
பச்சைக் கோட்டுக் காவலாளி வளைவு திரும்புவதற்குள்
படம் எடுத்து அனுப்பினேன்.

பதில் இருபது நிமிடம் கழித்து வந்தது.
பாத்திரம் அதிகமாயிருக்கும்.
"இப்ப கொஞ்சம் இத்தாலி."
கீழே மகளின் படம்.
மேசை விளிம்பைப் பிடித்து நிற்கிறாள்,
பின்னால் கொடி நிறைய
அவளுடைய சின்னச் சின்ன உடுப்பு.

ஹீட்டர் இல்லாத ரயில்
திரும்பும்போது முதலாவதாக வந்தது.
நிரோஜன் வெறுங்காலைச் சால்வையில் சுற்றிக்கொண்டான்.
அதுவும் ஈரம்.