கேஸ் நிக்காது

ஃபீசுக்குப் பதிலாக ஒரு கட்சிக்காரர்
விட்டுப்போன கார் இது.
பாகப்பிரிவினை வழக்கு, பதினோரு வருஷம்.
தீர்ப்பு வந்த அன்று சாவியை நீட்டி
"ஏசி மட்டும் வராதும்மா" என்றார்,
மற்றதெல்லாம் வரும் என்பதுபோல.

வெண்ணெய் நிறக் கான்டெசா.
கறுப்புக் கோட்டோடு அக்னி நட்சத்திரத்தில்
திருத்துறைப்பூண்டியிலிருந்து நாகப்பட்டினம் வரை
அதில் போய் வந்தவளுக்கு
வேறு தண்டனை வேண்டாம்.

முத்துப்பேட்டை ரோட்டில் நஜ்முதீன் பட்டறை.
பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு
"கேஸ் நிக்காது மேடம்" என்றார்.
இதுவரை நான்தான் இதைப் பிறருக்குச் சொல்லியிருக்கிறேன்.

"இது பன்னெண்டாம் நம்பர். இப்ப வர்றதில்ல.
ஓசோனை ஓட்டை போட்டுச்சுன்னு
நாடு கடத்திட்டாங்க."

இரண்டு நாள்.
பழைய எண்ணெய் டீ டம்ளரில் வடிந்தது,
பச்சை கலந்த கறுப்பு.
நைட்ரஜன் அடைத்து
மூட்டுக்கு மூட்டு ஷாம்பு நுரை தடவிக்
காத்திருந்தோம்.
மூன்றாவது மூட்டில் மெல்ல ஒரு குமிழி,
பொய்ச்சாட்சி வாய் திறப்பதுபோல.

"இங்கதான் போவுது.
மேட்டூர்ல தொறந்து என்ன,
நடுவுல எவனோ மடையைத் திருப்புனா
கடைமடைக்கு என்ன வரும்?"
நாங்கள் கடைமடைக்காரர்கள்.
எந்தப் பேச்சும் இங்கேதான் வந்து நிற்கும்.

ரப்பர் வளையங்களை மாற்றினார்.
முக்கால் மணி நேரம் வாக்குவம் பம்ப்
உள்ளிருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சியது.
நிறுத்தினார்.
நீல கேஜில் முள் அசையவில்லை.
"ஒண்ணுமே இல்லாததை ஒழுங்கா வச்சிருக்கு.
இனி நம்பிக் கொடுக்கலாம்."
நான் எழுதிய எந்த ஜாமீன் மனுவிலும்
இப்படி ஒரு காரணம் இல்லை.

புது கேஸ், நூத்தி முப்பத்திநாலு.
பழைய அளவில் எண்பது சதம் போதும் என்று
சிலிண்டரைத் தராசில் நிறுத்தி
கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்.
டக்.
கிளட்ச் கவ்வியது.
இன்ஜின் ஒரு மூச்சு தாழ்ந்து நிமிர்ந்தது.
முதலில் எலிப்புழுக்கை வாசனை,
அப்புறம் தூசி,
அப்புறம்தான் குளிர்.

கட்சிக்காரருக்குப் போன் போட்டேன்.
டிவிஎஸ்ஸில் வந்தார்.
முன்னால் ஏறவில்லை, பின்சீட்டில் உட்கார்ந்து
கண்ணாடியை ஏற்றச் சொன்னார்.
நாலு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை.
"அப்ப இருந்த குளிர் இது இல்லம்மா.
அது பல்லு கூசும்."

நஜ்முதீன் மேல்முறையீடு செய்யவில்லை.
குந்தி உட்கார்ந்து
வண்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.
குழாய் நுனியில் ஒரு சொட்டு.
காய்ந்த மண்ணில் இன்னொன்று.
பட்டறைக் கோழி
முறைப்பாசனத்துக்கெல்லாம் காத்திராமல்
கழுத்தை நீட்டியது.