குப்பை சதவீதம்

மாசத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கரண்ட் இல்லை.
மில்லுக்கு லீவு. எனக்கும்தான்.
மருதமலை போகலாமென்று ஏறிய பஸ்ஸிலிருந்து
லாலி ரோட்டிலேயே இறங்கிவிட்டேன்.
சித்திரை வெயில். எதிரே நிழலாய்த் தெரிந்தது
தாவரவியல் பூங்கா.

"ஒரு டிக்கெட்டுங்களா?"
ஒண்ணுதானுங்க.
சோடி சோடியாய் வருகிற இடம் போலிருக்கிறது.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பலகை.
மேலே தமிழில் ஒரு பெயர்,
கீழே வாயில் நுழையாத இன்னொன்று.
பத்து மரம் வரைக்கும் சத்தமாய்ப் படித்தேன்.
பதினோராவதில் பெஞ்சிலிருந்த பிள்ளைகள் சிரிக்க
மனசுக்குள் படித்தேன்.

நாகலிங்கம் கிளையை நம்பவில்லை,
அடிமரத்திலேயே பூக்கிறது.
இலவத்தடியில் வெடித்த காய் ஒன்று.
கை தன்னால் பிய்த்து இழுத்துப் பார்த்தது:
வழவழப்பு. முறுக்கு நிற்காது.
தலையணைக்கு ஆகும், நூலுக்கு ஆகாது.

அப்புறம், வேலிக்கு அக்கட்ட, பாத்திகள்.
ஒரு பலகையில் வெறுமனே: பருத்தி.

சிரிப்பு வந்தது.
பத்தொன்பது வருசமாய்ப் பஞ்சுச் சோதனை அறையில் இருக்கிறேன்.
கண்ணை மூடி இழையின் நீளம் சொல்வேன்,
இருபத்தெட்டரை, இருபத்தொன்பது,
மெஷின் பின்னாலேயே வந்து ஆமாம் என்னும்.
இந்தச் செடியை
இன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறேன்.
இடுப்பு உயரம்.
இன்னும் பெரிய ஆளென்று நினைத்திருந்தேன்.

ஒரே செடியில் ஒரு பூ வெளிர்மஞ்சள், ஒரு பூ ரோஸ்.
ஓஸ் பிடித்திருந்தவரின் சட்டையில்
மாகாளி என்று தைத்திருந்தது.
"ரெண்டு ரகத்தை ஒட்டுப் போட்டிருக்கீங்களா?"
"ஒரே ரகமுங்க.
மஞ்சள் இன்னைக்குப் பூத்தது. ரோஸு நேத்துப் பூத்தது.
நாளைக்குக் காஞ்சு உழுந்துருமுங்க."

ஒரே ராத்திரியில் ஒரு சாயம்.
தொட்டியில்லை, உப்பில்லை,
நொய்யலுக்குத் தெரியக்கூட இல்லை.

குனிந்தபோது கண்டேன்,
வாய்க்கால் ஓரம் ஒரு காய்ந்த இலை,
விரல் விரித்த கை மாதிரி.
எடுத்ததும் ஓரம் பொடிந்தது.

அந்தப் பொடியை எனக்குத் தெரியும்.

தினமும் எட்டரைக்கு நூறு கிராம் பஞ்சை விரித்து
இடுக்கியால் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கித்
தராசில் வைப்பேன்.
ஃபாரத்தில் அதற்கொரு கட்டம்: குப்பை சதவீதம்.
மூன்று புள்ளி இரண்டு. மூன்று புள்ளி ஒன்பது.
நாலைத் தாண்டினால்
பேலைத் திருப்பியனுப்பக் கையெழுத்துப் போடுவேன்.
இந்த இலையைத்தான்,
முழுசாய் ஒருதரம் பார்க்காமலே,
துணுக்குத் துணுக்காய் எடைபோட்டிருக்கிறேன்.

வெயிலைப் பிடித்துப் பஞ்சாக்குவது இலைதான் என்று
மாகாளி சொல்லவில்லை.
ஓஸை அடுத்த பாத்திக்கு இழுத்துப் போய்விட்டார்.
பலகையிலும் இல்லை.
காம்பு சேருகிற கணுவையும்
அங்கேயிருந்து கிளம்பிய மொட்டையும்
சித்தெ நேரம் பார்த்து
நானே கூட்டிக் கழித்துக்கொண்டேன்.
கணக்குச் சரியாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இலை, பூ பறிக்காதீர் என்று போர்டு.
விழுந்ததை எடுக்காதீர் என்று இல்லை.
டிக்கெட்டுக்கும் பஸ் பாஸுக்கும் நடுவே வைத்து
மூச்சுப் பிடித்தபடி
உக்கடம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.
சீட் காலியாகத்தான் இருந்தது.

புதன்கிழமை, எட்டரை.
லாலி ரோட்டில் இந்நேரம்
மஞ்சள் ரோஸாகியிருக்கும்.
இடுக்கியில் ஒரு துணுக்கை எடுத்து
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்:
நரம்பு தெரிந்தது.
தராசில் வைத்தேன். மூன்று புள்ளி ஆறு.
அதை எழுதுவதற்கு வேறு கட்டம் இல்லை.

ரெஜிஸ்டரைப் புரட்டிய சூப்பர்வைசர் அங்கண்ணன்
நடுப்பக்கத்தில் நின்றார்.
"இதென்னங்க இது?"

குப்பைங்க சார், என்றேன்.
ஓரம் பொடியாமல்
பக்கத்தை மூடினேன்.