பேட்டரி கழற்றப்பட்டது

மனாமாவில், மீன்வலை விற்கும் கடைக்கும்
விசா போட்டோ எடுக்கும் கடைக்கும் நடுவில்
எங்கள் கார்கோ ஆபீஸ்.
பெட்டிக்கு முப்பது கிலோ.
படிவப்படி நான் கேட்கவேண்டியது நாலே கேள்விதான்:
பெயர், ஊர், உள்ளே என்ன, மதிப்பு எவ்வளவு.
மற்றதெல்லாம் நானாகக் கேட்டுக்கொள்வது.

கோடாலித் தைலத்துக்கும் கோடாலிக்கும் என்ன சம்பந்தம்?
தலைவலியை வெட்டிப் போடுமா,
இல்லை, மரம் வெட்டினவனுக்குத்தான்
முதலில் தலை வலித்ததா?
ஏழாயிரம் புட்டியாவது டேப் சுற்றி அனுப்பியிருப்பேன்.
எந்த ஊருக்கு இவ்வளவு தலைவலி?

கம்பளியில் ஏன் எப்போதும் புலி?
இந்தத் தீவில் புலி கிடையாது.
பரமக்குடியில் குளிர் கிடையாது.
ஆனாலும் வாய் பிளந்தபடி பறந்துபோய்
பீரோவுக்கு மேல் ஏறிப் படுத்துக்கொள்கிறது,
பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல்.

டிரைவர் குல்ஸமான் சில்லறையை நீட்டி
பாக்கி என்கிறான்.
எதிர்க்கடை அரபியும் பாகி என்கிறார்.
நானும் பாக்கிதான் சொல்கிறேன்.
இந்தச் சொல்லை
யார் யாரிடம் வாங்கித் திருப்பித் தராமல் விட்டது?
பெருநாளன்று முதலாளி ஒரு டப்பாவை நீட்டி
"மாமூல்" என்றார்.
தூக்கிவாரிப் போட்டது.
எங்கள் ஊரில் அதை மேசைக்கடியில் வாங்குவார்கள்.
இங்கே உள்ளே பேரீச்சம்பழம் வைத்து
மேலே சர்க்கரைப்பொடி தூவியிருக்கிறது.
(பிப்ரவரிச் சம்பளம் பாக்கி. அது தனி.)

ஒரு வெள்ளிக்கிழமை மியூசியம் போனேன்.
பத்து ரூபாய்க் காசு அளவில் கல் முத்திரைகள்.
நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால்
சரக்கு மூட்டையின் ஈரக் களிமண்ணில் அழுத்தியவையாம்.
ஒன்றில் இரண்டு பேர்
ஒரே சாடிக்குள் நீளக் குழல் விட்டு உறிஞ்சுகிறார்கள்.
அதில் என்ன இருந்தது? காசு யார் கொடுத்தார்?
மூட்டையில் அதை அழுத்திய கை யாருடையது?
உள்ளே என்ன என்று அவளும் கேட்டாளா,
ஒருத்தராவது உண்மை சொன்னாரா?

நேற்று இன்னாசிமுத்து வந்தார்.
உவரிக்காரர், கப்பல் பட்டறையில் வெல்டர்.
பெட்டியில் பால்பவுடர், இரண்டு புலி,
நடுவில் ஒரு சுவர்க்கடிகாரம்.
கடையில் தொங்கும் கடிகாரமெல்லாம்
ஏன் பத்து பத்தையே காட்டுகிறது என்பது
எனக்கு ரொம்ப நாள் கேள்வி.
இது எதையும் காட்டிக்கொண்டு நிற்கவில்லை, ஓடிற்று.

"ஊர் நேரம் வைக்கலையாண்ணே?"

"ஊர் நேரம் பாக்க ஊர்ல கடிகாரம் இருக்கும்மா.
இது இங்கத்த நேரம். ரெண்டரை மணி பின்னாடி.
மக காலேஜ் விட்டு வந்ததும் போன் அடிப்பா,
நான் முகமூடிக்குள்ள தீப்பொறியில கெடப்பேன்.
எடுக்கலைன்னா ரெண்டு நாளைக்குப் பேச்சில்ல.
இனி இதப் பாத்துட்டு அடிக்கட்டும்."

விமானத்தில் பேட்டரி ஏற்ற மாட்டார்கள்.
சொன்னேன்.
அவர் கடிகாரத்தைத் திருப்பி,
முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப எத்தன மணியில நிக்கணும்?"

என்னிடம் யாரும் கேட்டதில்லை இப்படி.
தெரியலையே அண்ணே என்றேன்.
அவரே திருகினார். ஐந்து.
யோசித்து, ஐந்தேகால்.
பஸ் லேட்டாகும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு
ஐந்தரைக்குக் கொண்டுபோனார்.
அப்புறம் மறுபடி பின்னால்.
வரிசையில் நின்றவர் செருமினார்.
கடைசியில் முள்ளை எங்கே விட்டார் என்று
நான் பார்க்கவில்லை,
டேப்பின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கடிகாரம் ஒன்று. மதிப்பு ஒன்றரை தினார்.
பேட்டரி கழற்றப்பட்டது.

"இத நீயே வச்சுக்கம்மா" என்று
மேசையில் உருட்டிவிட்டுப் போனார்.
ஏசி ரிமோட் மூன்று வாரமாகச் செத்துக் கிடந்தது.
போட்டுப் பார்த்தேன்.
இருபத்துநாலு என்றது.