நிறுத்தி வைக்கப்பட்டவை

எட்மன்டனில் மைனஸ் முப்பத்து நான்கு.
வாசலில் என் கார்
சுவரிலிருந்து வந்த வயரைக் கடித்தபடி
உறங்குகிறது.
கீழே ஃபர்னஸ் இருமுகிறது.
நான் காவலுக்கு உட்கார்கிறேன்.

எனக்குப் பத்தரை, அவளுக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது.
பிராம்டனில் தாட்சாயணி
செத்துப்போன ஒரு போனைத் திறந்து வைத்திருக்கிறாள்.
சாலிடர் புகை அவள் கண்ணாடியில் ஏறி இறங்குகிறது.
"இந்தக் கப்பாசிட்டர்தான் கள்ளன்" என்கிறாள்
ஆயிரத்து இருநூறு பேரிடம்.
அவர்களில் முந்நூறு பேர் போனைப் பார்க்கிறார்கள்.

மிச்சப் பேருக்காகத்தான் நான்.

சம்பளம் இல்லை.
என் பெயருக்குப் பக்கத்தில் பச்சையாய் ஒரு சின்ன வாள்,
பல்லுக் குத்தக்கூட உதவாது.
அவள் கழுத்தைப் பற்றி ஒருவன் எழுதுவான்.
அவள் நிமிருமுன் அழிப்பேன்.
இன்னொருவன் சாதி கேட்பான், மிக மரியாதையாக,
"அக்கா நீங்கள் ஊரில் எந்தப் பக்கம்" என்று தொடங்கி.
அவனையும்.
சனம் நல்ல சனம் என்று நினைத்துக்கொள்கிறாள் தாட்சாயணி.
நினைக்கட்டும்.

என்னோடு இன்னும் இரண்டு பேர்,
சரேயில் ஒருவன், மொன்றியலில் கிருபாநிதி என்று ஒருத்தி.
முகம் பார்த்ததில்லை.
"சாப்பிடப் போறன், பாத்துக்கொள்."
"ம்."
இவ்வளவுதான் எங்கள் சிநேகம், இரண்டு வருடமாக.

பட்டியல் நான் செய்தது.
எனக்குத் தெரிந்த தூஷணம் எல்லாம்,
ஆங்கில எழுத்தில், நடுவில் புள்ளி வைத்து,
குறிலை நெடிலாக்கி,
ஒற்று மிகுந்தும் மிகாமலும்.
பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி விதியில் பெயிலானவள்
மூன்று இரவில் நானூற்றுப் பன்னிரண்டு சொல் சேர்த்தேன்.
கணவன் எட்டிப் பார்த்து
"என்னப்பா, அகராதியோ?" என்றான்.
வாசித்ததும்
தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பேசாமல் போனான்.

காலை ஆறரைக்கு மஞ்சள் பஸ்.
கண்ணாடியில் நாற்பது கம்பளித் தொப்பிகள்.
பின்சீட்டில் யாரோ யாரையோ ஏதோ சொல்லும்.
நான் திரும்புவதில்லை, தொண்டையைச் செருமுவேன்.
நிறுத்தினால் பக்கவாட்டில் சிவப்புப் பலகை நீளும்,
பதினெட்டுச் சக்கர லாரியும் மூச்சடக்கி நிற்கும்.
அந்தக் கைக்கு மணிக்கு இருபத்து மூன்று டொலர்.

பெப்ரவரியில் ஒரு நாள்
தடுத்து வைத்தவை கிடக்கும் பெட்டியைத் திறந்தேன்,
குப்பை கொட்டத்தான்.
ஒரே பெயர். இருபத்தாறு இரவு.

புண்டரீகம்.

தாமரை. வெண்டாமரை.
முதல் மூன்று எழுத்திலேயே
என் பட்டியல் கதவைச் சாத்திவிட்டது.

"வணக்கம் பிள்ளை."
"சத்தம் கொஞ்சம் குறைவு."
"அந்தச் சிவப்பு வயர் விட்டிருக்கு, பார்."
(அன்றைக்கு அவள் ஒரு மணி நேரம் தேடினாள்.)
"மூஸ் ஜா பக்கம் பொட்டாஷ் ஆலையில் இரவுக் காவல்.
நீர் கதைக்கிறதாலை நித்திரை வாறேல்லை. நன்றி."
"என்ரை எழுத்து ஒருத்தருக்கும் தெரியேல்லைப் போலை.
பரவாயில்லை."
"வணக்கம் பிள்ளை."

கடைசி வணக்கம் பதினொரு நாளுக்கு முந்தியது.

எல்லாவற்றையும் ஒன்றாய்த் திறந்துவிட்டேன்.
யோசிக்கவில்லை.
திரையில் இருபத்தாறு இரவு ஒரே நொடியில் கொட்டியது.
தாட்சாயணி நிமிர்ந்தாள்.
"ஐயோ, ஆரோ ஸ்பாம் பண்ணுகினம்,
மொட்ஸ், கொஞ்சம் பாருங்கோ."

சரேக்காரன் சுறுசுறுப்பானவன்.
நான் "பொறு" என்று எழுதி முடிக்குமுன்
துடைத்துவிட்டான்.

இப்போது இன்னொரு பட்டியல் வைத்திருக்கிறேன்,
அனுமதிக்கப்பட்டவை என்று.
அதில் ஒரே ஒரு சொல்.
ஆணோ பெண்ணோ தெரியாது, வயது தெரியாது.
ஆலையில் வேலை இருக்கிறதோ, அதுவும் தெரியாது.

தாட்சாயணி புதுப் போன் ஒன்றைத் திறக்கிறாள்.
ஆயிரத்து முந்நூறு பேர்.
வந்தால் முதல் வணக்கம் நான்தான் சொல்ல வேண்டும்.
இந்த வாளை
அப்போது எங்கே வைப்பது?