ஏணியின் நாலாவது படி

திரைச்சீலைக்கு அளவெடுப்பவன் நான்.
இந்த ஊரில் எந்த வாசலும்
என்னைக் காலணியோடு உள்ளே விட்டதில்லை.
நாளுக்கு ஏழு வீவக வீடு.
காலுறையோடு ஏறினால் ஏணி வழுக்கும்,
அதனால் வெறுங்கால்.
வெள்ளைத் தரையில்
ஐந்து விரலும் ஒரு குதிகாலுமாய்
என் பின்னாலேயே வரும் ஈரம்.

கோகுலாஷ்டமிக்குக்
கண்ணன் மாவில் நடந்து வருவான்.
நான் தண்ணீரில்.
அவன் பாதத்தை மிதிக்காமல் தாண்டுகிறவர்கள்
என் பாதத்துக்கு
மாப் தேடுவார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.
நாலாவது படியில் நின்றால் என் கால்
ஏணி பிடிப்பவர் மூக்குக்கு நேரே.
தெம்பனிசில் ஒருவர்
பிடித்த பிடி விடாமல்
முகத்தை மட்டும் தொலைக்காட்சிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.
அது அணைந்திருந்தது.

பலதுறை மருந்தகத்தில் டாக்டர் ஹமிதா
குனிந்து பார்த்தார், முகம் சுளிக்காமல்.
"வியர்வைக்கு வாசனையே கிடையாது.
நாள் முழுக்க மூடி வைக்கிறீர்கள் பாருங்கள்,
அதுதான்" என்றார்.

அன்றிலிருந்து கால் எனக்குக் கைக்குழந்தை.
சோப்புப் போட்டுக் கழுவி
இடுக்கு இடுக்காய்த் துவட்டி
(சுண்டுவிரலுக்கும் அதன் அண்டை விரலுக்கும் நடுவே
இப்படி ஓர் ஊர் இருப்பது
நாற்பத்தாறு வயதில்தான் தெரிந்தது)
நன்றாகக் காய்ந்தபின், படுக்குமுன்,
அக்குளுக்கென்று விற்பதை
அடிப்பாதத்தில் உருட்டுகிறேன்.
காலணி இப்போது இரண்டு ஜோடி.
ஒன்று வேலைக்குப் போனால் ஒன்றுக்கு விடுப்பு.
விடுப்பில் இருப்பதன் வயிற்றுக்குள்
நேற்றைய செய்தித்தாள்:
பங்குச்சந்தை, பந்து, இரங்கல்
எதுவானாலும் விடிவதற்குள் ஈரம்.
அளவு நாடாவுக்குப் பக்கத்தில்
பருத்திக் காலுறை மூன்று ஜோடி.
மதியம் மாற்றுவது மின்தூக்கி வாசலில்,
ஒற்றைக்காலில், கொக்காய்.

தேநீரும் உண்டு.
புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில்
"தே ஓ கோசோங், கெட்டியா, நாலு பொட்டலம்."
"வீட்டில் விருந்தாளியா?"
"ரெண்டு பேர்" என்றேன்.
இடது, வலது.
ஆறவைத்து வாளியில் ஊற்றி
அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால்
தவமணி எட்டிப் பார்த்து
"பால் சேர்க்கவா?" என்பாள்.

நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன்.
முன்பு முழுப் பாதம்.
இப்போது குதிகால் மட்டும்,
அதுவும் காற்றாடிச் சுழற்சியில்
நான் திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விடும்.

போன வியாழன், பொங்கோல், பதினாறாம் மாடி.
சாய வாசம் போகாத புது வீடு.
மிஸ் சிம், முப்பது இருக்கும்.
ஏணி பிடிக்கச் சொன்னேன். தயங்கினார்.
பிறகு பையிலிருந்து காகிதக் கைக்குட்டை எடுத்து
அதைச் சுற்றிப் பிடித்தார்.
என் காலுக்கு அஞ்சித்தான் என்று நினைத்தேன்.
ஜன்னலின் அகலத்தை இரண்டு முறை தப்பாகப் படித்தேன்.

இறங்கும்போது
கம்பியில் நைந்துபோன காகிதம்,
அதற்குமேல்
உள்ளங்கை அளவுக்கு இரண்டு ஈரம்.

கையொப்பத்துக்குப் பலகைக் கணினியை நீட்டினேன்.
திரை அவர் விரலை அறியவில்லை.
பாவாடையில் துடைத்தார். மறுபடி.
மூன்றாம் முறை
கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்,
திருட்டில் பிடிபட்ட பிள்ளை மாதிரி.

நான் நின்ற இடத்திலிருந்து
ஓர் அடி தள்ளி நின்றேன்.
தரையில் என் குதிகால் இரண்டும்
இன்னும் அழியாமல் இருந்தன.
அவர் பார்த்தார்.
"எனக்குக் கீழே" என்றேன்.
"உங்களுக்கு மேலே."

சிரிப்பு வர
கொஞ்சம் நேரம் பிடித்தது அவருக்கு.

ரசீதின் முன்பக்கம் அகலம், உயரம், முன்பணம்.
பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்:
கெட்டித் தேநீர், சீனி வேண்டாம்,
ஆறவைத்து, அரைமணி.
அவர் பிடித்த ஓரத்தில்
"அரைமணி" மட்டும்
நீலமாய்க் கரைந்தது.