கால் சுற்று

ஐந்து வயதில்
அலஸ்தோட்டத்து மணலில் அம்மாவின் சைக்கிள் சறுக்கியது.
நாடியில் நாலு தையல்.
பிரிக்கும்போது அழவில்லை என்று
நர்ஸ் ஒரு டொபி தந்தாவாம்.
காதுக்கு முன்னால், உள்ளே,
சின்னதாய் ஒன்று முறிந்ததை
ஒருவரும் பார்க்கவில்லை.

சைக்கிளை அந்தக் கிழமையே விற்றுவிட்டா.

வலப்பக்கம் வளர்ந்தது.
இடப்பக்கம் பின்தங்கி நின்றது,
செருப்பு வார் அறுந்தவள் போல.
பன்னிரண்டு வயதில் என் நாடி
மூக்குக்கு நேரே இல்லை;
ஏழு மில்லிமீற்றர் தள்ளி, தன்பாட்டில்.

பெரியாஸ்பத்திரி. செவ்வாய்க்கிழமை. இலக்கம் முப்பத்தொன்று.
டொக்டர் நஸ்லியா
இளஞ்சிவப்பு மெழுகைச் சூடாக்கி வாய்க்குள் வைத்தா.
"நடுவுக்குக் கொண்டுவந்து கடியும்."
நடு எங்கே என்று தாடைக்குத் தெரியவில்லை.
கண்ணாடி பிடித்துக் காட்டினா.
கடித்தேன்.
அது வேறொருத்தியின் முகம்.

பிளேட் வந்தது.
வலப்பக்கம் கடிக்க ஒரு கட்டை,
இடப்பக்கம் வெறும் இடம்.
அந்த வெறுமைக்குள்தான்
பற்கள் மெல்ல வளர்ந்து வரவேணுமாம்.
வகுப்பில் "உள்ளேன்" சொன்னால்
ள்ள மட்டும் உள்ளே நின்றுவிடும்.

பஸ் ஸ்டாண்டில் மான்கள்
பழத்தோலை மென்றபடி நிற்கும்,
தாடை ஒருபக்கமாய்ப் போய், ஒருபக்கமாய்ப் போய்.
எத்தனை பேர் நின்று படம் எடுக்கிறார்கள்.

இரவு, போன் டோர்ச்.
அண்ணத்துத் திருகாணிக்கு
ஊசியளவில் ஒரு திறப்பு.
புதனும் ஞாயிறும் கால் சுற்று,
கால் சுற்றுக்குக் கால் மில்லிமீற்றர்.
அதற்கு முன் அம்மா என் முகத்தை
இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.
"நோகுதோ?"
இல்லை என்பேன்.
அடுத்த முறையும் கேட்பா.
எந்த நோவை என்று எனக்குத் தெரியும்;
அதற்கும் இல்லை என்றுதான் சொன்னேன்.

மூன்று வருஷம்.
மூன்று பிளேட், ஒன்றை நாய் கடித்தது.
பிறகு கம்பி.
ஏழு, இரண்டரை ஆனது.
"மிச்சத்தைப் பதினெட்டுக்குப் பிறகு யோசிப்பம், விரும்பினால்."
அந்த 'விரும்பினால்' என்ற சொல்லை
உட்துறைமுக வீதி முழுக்க
மென்றுகொண்டு வந்தேன்.

அடையாள அட்டைப் படம்.
ஸ்டூடியோக்காரர் இரண்டு விரலால் நாடியைத் தள்ளினார்.
"நேராப் பிடியும் பிள்ளை."
பிடித்தேன்.
இன்னொருக்கால் தள்ளினார்.
திரைக்கு வெளியே இருந்து அம்மா:
"அதுதான் நேர். எடுங்கோ."

காசு கொடுக்கப் பேர்சைக் கவிழ்த்தா.
சில்லறையோடு அந்தத் திறப்பும் விழுந்தது.
என்ன பூட்டுக்கு என்று அவர் கேட்கவில்லை.
சில்லறையை விட்டுவிட்டு
அம்மா முதலில் அதைப் பொறுக்கினா.