குதிகால்

பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூருக்கு
கம்பெனி பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.
போகும்போது இருபது பக்கம்,
வரும்போது பன்னிரண்டு, கண் எரியும்.
பதினோரு வருஷமாகக்
கொலை, காதல், படையெடுப்பு எல்லாம் எனக்கு
ஜன்னலோர சீட்டில் குலுங்கிக் குலுங்கித்தான் நடக்கின்றன.

என் வேலை,
தைத்து வரும் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது.
ஓர் இஞ்சுக்கு எத்தனை தையல்,
பசை வழிந்திருக்கிறதா,
இடதும் வலதும் ஒரே நிறமா.
சரி, மறுவேலை, கழிவு: மூன்றே தீர்ப்பு.
புத்தகத்தையும் அப்படித்தான் திருப்புகிறேன்,
வேறு மாதிரி படிக்கத் தெரியாது.

சரித்திர நாவல் அறுநூறு பக்கம். மணிக்கட்டு வலிக்கும்.
பாலாற்றைக் கடக்கிறது படை,
ஆற்றில் மார்பளவு தண்ணீர்.
அந்தப் பக்கத்தை மட்டும் நாலு தடவை படித்தேன்.
மற்றபடி பத்தாயிரம் பேர் நடக்கிறார்கள்,
ஒருவன் காலிலும் கொப்புளம் இல்லை.
யாராவது ஒரு சிப்பாய் ஓரமாக உட்கார்ந்து
முள் எடுத்திருந்தால்
ராஜ்ஜியத்தையே நம்பியிருப்பேன்.

பேய்க்குக் கால் கிடையாது, ஆகவே
எங்களுக்கு அங்கிருந்து ஆர்டர் வராது.
ஆனாலும் பக்கத்து சீட் ஷமீமா
டிக்கெட் அளவு பிஸ்கட் நீட்டித் தோளைத் தொட்டபோது
நான் போட்ட கூச்சலில் டிரைவர் பிரேக் அடித்தார்.
பயமுறுத்துகிறேன் என்றது, பயமுறுத்தியது.
சரி.

செவ்வாய்க் கிரகத்தில் குடியேறுகிறார்கள்.
கதவு எப்படித் திறக்கும், காற்று எப்படி வரும்,
எல்லாம் எழுதியிருக்கிறார். பூட்ஸ் தைத்தது யார்?
"அங்கயும் ஓவர்டைம் கீதா, கேளு" என்றாள் ஷமீமா.

காதல் நாவல்களைப் பற்றி
எதுவும் சொல்வதாக இல்லை.
டிபன் பைக்குள் ஒளித்து வைத்துப் படித்துவிட்டு
வெளியே வந்து திட்டுவது நன்றிகெட்ட வேலை.

எங்களைப் பற்றியே ஒரு நாவல் வந்தது. பரிசு வாங்கியதாம்.
தோல் ஷாப்பு நாற்றம் நாற்பது பக்கம்.
எங்களுக்கு அது மூக்கில் ஏறுவதே இல்லை, சார்.
மத்தியானம் யார் குழம்பில் யார் கை வைத்தார்கள் என்று
ஒரு பாதிப் பக்கம் இல்லை.
படித்தவர்கள் அழுதார்களாம்.
நான் வளத்தூர் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன்.
கழிவு.

மெலிந்த நாவல் ஒன்று, அட்டையும் இல்லை.
அதில் புருஷன் செத்த பதினேழாம் நாள்
அவள் அவன் செருப்பை மாட்டிக்கொண்டு
ரேஷன் கடைக்குப் போகிறாள்.
தன்னுடையது அறுந்துவிட்டது, அவ்வளவுதான்.
இரண்டு விரல் பெரிது.
டப் டப்பென்று தெருவெல்லாம் சத்தம்.
பாமாயில் வாங்கிக்கொண்டு திரும்புகிறாள்.
அன்றைக்கு லைனில் என் கையைத் தாண்டி
மூன்று ஜோடி பசை வழிந்து போனது.
சூப்பர்வைசர் தேவநேசன் கத்தினார்.
கத்தட்டும்.

கடைசியாகத் துப்பறியும் நாவல்.
கிளை நூலகத்தின் பழைய பிரதி,
வட ஆர்க்காடு மாவட்டம் என்று ஊதா முத்திரை.
மாவட்டம் உடைந்து உடைந்து நாலாகிவிட்டது,
முத்திரை அப்படியே இருக்கிறது.
ஈர மண்ணில் எட்டாம் நம்பர் ஷூத் தடம்,
அதை வைத்தே ஆளை அமுக்குகிறார் இன்ஸ்பெக்டர்.
எட்டாம் நம்பர் ஒரு நாளைக்கு எண்ணூறு ஜோடி
எங்கள் ஒரு லைனிலேயே போகிறது.
கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதினேன்:
குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருந்தது? மறுவேலை.

மூன்று மாதம் கழித்து, மறந்துபோய்
அதையே மறுபடி எடுத்து வந்துவிட்டேன்.
என் பென்சிலுக்குக் கீழே நீல மையில் யாரோ:
இடது கால், உள்பக்கம்.
112ஆம் பக்கம் பாருங்கள்.

பார்த்தேன். இருந்தது.
தெளிவாக, ஒரு முழு வரி.
எந்தப் பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டபோது
அதைத் தவறவிட்டேனோ.

இன்று நான் பக்கம் திருப்பவில்லை.
ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள்,
ஒவ்வொருவர் காலாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன்,
மேல்விரலில் நீல மை தெரிகிறதா என்றும்.